மேடையே மூலப்பிரதி

(வெள்ளவத்தையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



றொக் இசை உலகில் நெடுங்காலமாக ஒரு எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஒரு குழுவின் உண்மையான படைப்பு கலையகத்தில் உட்கார்ந்து செய்த இசைத்தட்டுத்தான். மேடைக் கச்சேரியைப் பதிந்து வெளியிடுவது அதற்கு ஒரு பின்னிணைப்பு. புதிய பாட்டுக் கைவசம் இல்லாத காலத்திலோ, நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் இன்னொரு தட்டுப் பாக்கி நிற்கும்போதோ மேடைப் பதிவு வெளிவரும். பேர்பெற்ற மூத்த கலைஞர்கள் பலர் சேர்ந்து அமைத்த குழு என்றால் ஐயம் இன்னும் கூடும். பெயர்களைக் காட்டி மண்டபத்தை நிரப்பி, பழைய பாட்டுகளைத் திரும்ப வாசித்து, அதையே விற்கிறார்கள் என்பார்கள். இந்த எண்ணம் தலைகீழானது என்பதே இன்று நான் நிறுவ விரும்புவது. கூடி வாசிப்பதையே உயிராகக் கொண்ட மூத்த கலைஞர்களின் குழுவுக்கு மேடைப் பதிவுதான் மூலப்பிரதி. கலையகப் பதிவு அதைப் பார்த்து எழுதிய படி. இதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது ‘சக்தி’ என்ற குழுவை. அதன் ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணக் கச்சேரிகளிலிருந்து உருவாகி 2025இல் வெளிவந்த ‘மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்’ என்ற மேடைப் பதிவு நம் முன் இருக்கிறது. அந்தக் குழுவின் கதை மேடைப் பதிவில் தொடங்கி மேடைப் பதிவிலேயே வந்து நிற்கிறது.

தொடக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சக்தியைத் தொடங்கிய ஜோன் மெக்லாக்லின் 1942இல் இங்கிலாந்தின் டொன்காஸ்டரில் பிறந்தவர். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ இசைத்தட்டில் கிற்றார் வாசித்தவர். 1971இல் மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா என்ற குழுவை அமைத்து, ஜாஸையும் றொக்கையும் காதடைக்கும் ஒலியளவில் ஒன்றாக்கியவர். அந்தப் புகழின் நடுவிலேயே அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டொக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை கற்றார். வயலின் வித்துவான் எல். சங்கரும் அங்கேதான் ஆய்வு மாணவராக இருந்தார். இவர்களோடு தபேலாவில் ஸாகிர் ஹுசைன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் இராமநாதபுரம் வி. ராகவன். 1975 ஜூலை 5ஆம் திகதி நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில், சவுத்தாம்ப்டன் கல்லூரியில் இவர்கள் வாசித்த கச்சேரியே மறுவருடம் குழுவின் முதல் இசைத்தட்டாக வந்தது. முதல் தட்டே கச்சேரிப் பதிவாக அமைவது அந்தத் துறையில் அபூர்வம். மூன்றே உருப்படிகள். முதலாவது பதினெட்டு நிமிடம், இரண்டாவது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, மூன்றாவது 29 நிமிடம். அந்த மூன்றாவது உருப்படி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. பிறகு கலையகத்துக்குப் போய் ‘எ ஹேண்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ என்று இரண்டு தட்டுகள் செய்தார்கள். 1977இல் வந்த இரண்டாவதில் எட்டு உருப்படிகள். ஒன்றுகூட எட்டு நிமிடத்தைத் தொடவில்லை. அவை நேர்த்தியானவை, அழகானவை. ஆனால் அந்த 29 நிமிடத்தில் ஒருவரை ஒருவர் துரத்தியும் காத்திருந்தும் ஐவர் கட்டிய கட்டடத்தை அந்தச் சின்னச் சின்ன அறைகளில் தேடினால் கிடைக்காது. 1978இல் குழு கலைந்தது.

எல். சங்கரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. அவருடைய தந்தையார் வி. லக்ஷ்மிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். சங்கரும் அவருடைய அண்ணன் எல். சுப்பிரமணியமும் பிள்ளைப் பருவத்தைக் கழித்தது இந்த நாட்டில்தான். 1958ஆம் ஆண்டுக் கலவரம் அந்தக் குடும்பத்தைச் சென்னைக்கு அனுப்பியது. மகாவிஷ்ணுவின் முழக்கத்தை எதிர்பார்த்து வந்த றொக் இரசிகர்கள் முன்னால் கம்பளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, உரத்த கிற்றாரையும் நின்று நிதானிக்க வைத்த அந்த வயலின் யாழ்ப்பாணத்து வீடொன்றில் சாதகம் பழகிய கைகளில் இருந்தது. ஆகவே இதை எங்கோ நடந்த அந்நியர் கதையாக நாம் கேட்க வேண்டியதில்லை.

மேடைப் பதிவே மூலம் என்று சொல்வதற்கு நம்மவருக்கு வெளியிலிருந்து சான்று தேட வேண்டிய தேவையும் இல்லை. நாகஸ்வரக்காரர் ஒருவருடைய கோஷ்டிக்கு வெளியிலிருந்து பெரிய தவில் வித்துவானைத் தருவித்து ‘ஸ்பெஷல் தவில்’ என்று நோட்டீஸில் தனியாகப் போடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இருந்தது, இருக்கிறது. திருவிழா இரவில் பல கோஷ்டிகள் ஒரே வீதியில் கூடி வாசிக்கும் மேளச்சமா யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதா? பெரும்பெயர்கள் ஒரு மேடையில் கூடுவது மேற்கு நாட்டு றொக் உலகம் 1960களில் கண்டுபிடித்த புதுமையன்று. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி ஸ்பெஷல் தவில் வாசித்தார் என்றால், அந்த இரவில் யார் நாகஸ்வரம், பக்கத்துத் தவில் யார், எந்தக் கோயில் என்பவற்றைச் சேர்த்தே பேசுவார்கள். அவர் எந்தக் கலையகத்தில் வாசித்தார் என்று கேட்பவர் இல்லை. அவர் மறைந்தது 1975இல். லோங் ஐலண்டில் அந்தக் கச்சேரி பதிவான அதே ஆண்டு. ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் ஒலிப்பதிவுப் பொறி அங்கே ஒவ்வொரு அடியையும் பிடித்துக்கொண்டிருந்தது. நம்முடைய தவில் மேதை நாற்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில் போனபோது அவருடைய இரவுகளில் எத்தனை நம்மிடம் மிஞ்சின? அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார், இந்தியத் தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. அந்தப் படத்துக்கு உயிர் கொடுப்பதும் அவர் எங்கோ ஒரு சபையின் முன் வாசித்ததன் பதிவுதான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, மூத்த கலைஞர்களின் கூட்டணி என்பதே போலி. அங்கே உரையாடல் இல்லை, தனித்தனிக் காட்சிகளின் வரிசைதான் இருக்கிறது என்பது. இதில் உண்மை உண்டு. எரிக் கிளாப்டன், ஸ்டீவ் வின்வுட், ஜிஞ்சர் பேக்கர், ரிக் கிரெக் ஆகியோர் சேர்ந்த ‘பிளைண்ட் ஃபெய்த்’ 1969இல் ஒரே ஒரு தட்டோடு கலைந்தது. அதற்கு முன் கிளாப்டனும் பேக்கரும் ஜாக் புரூஸோடு நடத்திய ‘கிரீம்’ குழுவின் 1968ஆம் ஆண்டுத் தட்டான ‘வீல்ஸ் ஒஃப் ஃபயர்’ இரட்டைத் தட்டு. ஒன்று கலையகம், மற்றது மேடை. மேடைத் தட்டில் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு உருப்படியின் பெரும்பகுதி டிரம்ஸ் தனி. மற்ற இருவரும் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதற்கு அந்தப் பதிவில் விடை இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு அங்கே வேலை இல்லை. இந்த வகைக் கூட்டணியைப் பற்றிய குறையை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் சக்தியின் மேல் போட முடியாது. காரணம் தாளம்.

இதை நெருங்கிப் பார்க்க வேண்டும். கர்நாடக இசையில் தனியாவர்த்தனத்தின் முடிவில் கோர்வை வைக்கிறோம். ஒரு சொற்கட்டை மூன்று தடவை வாசித்து, மூன்றாவது தடவையின் கடைசிச் சொல் எடுப்பில் சரியாக வந்து விழ வேண்டும். இந்துஸ்தானியில் திஹாய் என்பதும் மூன்று தடவைக் கணக்குத்தான். ஸாகிர் ஹுசைன் அந்த மரபில் வளர்ந்தவர், விநாயக்ராம் இந்த மரபில் வளர்ந்தவர். இரண்டு மரபின் தாள அமைப்பும் வேறு, கையில் போடும் முறையும் வேறு. ஆனால் மூன்று தடவை என்ற இந்த விதி பொது. அதனால் மேடையில் நடப்பது இதுதான்: ஒருவர் ஒரு சொற்கட்டை முதல் தடவை வாசிக்கும்போது மற்றவர்கள் கேட்கிறார்கள், அதன் நீளம் எத்தனை அட்சரம், நடுவில் விட்ட இடைவெளி எவ்வளவு என்று மனதுக்குள் அளக்கிறார்கள். இரண்டாவது தடவையில் அந்த அளவு உறுதியாகிறது. மூன்றாவது தடவை, எழுதி வைத்துப் பழகாத அந்தச் சொற்கட்டை, கிற்றார் உட்பட எல்லோரும் சேர்ந்து வாசித்து ஒரே இடத்தில் இறங்குகிறார்கள். சபை அந்த இடத்தில் ஆரவாரம் செய்வது வேகத்துக்காக மட்டும் இல்லை. நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு கணத்தில் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. இந்த இசையில் கிற்றார் வெறும் விருந்தாளியாக நிற்கவும் இல்லை. மெக்லாக்லினுக்காக ஏபிரகாம் வெக்டர் செய்து கொடுத்த கிற்றாரில் வழமையான ஆறு தந்திகளுக்குக் கீழே குறுக்காக ஏழு ஒத்ததிர்வுத் தந்திகள் ஓடின. மெட்டுகளுக்கு இடையில் உள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் விரலை அழுத்தி இழுத்தால் வீணையின் கமகத்துக்குக் கிட்டப் போகலாம். ஒரு றொக் கிற்றார்க்காரர் தன் வாத்தியத்தின் உடம்பையே மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த சபை அது.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிட வலுவானது. மேடைப் பதிவு என்று நாம் நம்பிக் கேட்பது உண்மையிலேயே மேடையில் நடந்ததா? ‘தின் லிஸி’ குழுவின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ 1978இல் வந்தது. அதில் பெரும்பகுதி பிறகு கலையகத்தில் மறுபடி வாசித்துச் சேர்க்கப்பட்டது என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கொண்டி சொன்னார். குழுவின் தரப்பு அதை மறுத்தது. அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. மறுபக்கத்தில் ‘டீப் பேர்ப்பிள்’ 1972 ஓகஸ்டில் ஒசாக்காவிலும் டோக்கியோவிலும் பதிந்த ‘மேட் இன் ஜப்பான்’ கிட்டத்தட்ட எந்தச் சேர்க்கையும் இல்லாமல் வந்தது. ஆக, உறையில் அச்சிட்ட சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது சரி. 1975இல் ஐந்து வாத்தியங்களும் அருகருகே இருந்தன. கடத்துக்கு வைத்த மைக்கில் தபேலாவும் கசியும், வயலினுக்கு வைத்ததில் மிருதங்கமும் கசியும். அப்படிப்பட்ட பதிவில் ஒன்றை அழித்து வேறொன்றை ஒட்டுவது பெரும்பாடு. இன்று நிலைமை அப்படியில்லை. மின் கிற்றாரும் வயலினும் தனித்தனி வாய்க்காலில் சுத்தமாகப் பதிவாகின்றன, திருத்துவது சுலபம். இருந்தாலும் எதைத் திருத்த முடியும் என்று கேட்டுப் பாருங்கள். சுருதி விலகிய ஒரு ஸ்வரத்தைத் திருத்தலாம், சபையில் எழுந்த இருமலை அழிக்கலாம். ஒருவர் எடுத்த முடிவைத் திருத்த முடியாது. அவர் வாசித்த ஒரு பிடியை மாற்றினால், அதைக் கேட்டு மற்றவர் கொடுத்த மறுமொழி பொருளிழந்துவிடும்; அதையும் மாற்ற வேண்டும், பிறகு அடுத்தவருடையதையும் மாற்ற வேண்டும். கேள்வியும் மறுமொழியுமாக நடக்கும் இசை தன்னைத்தானே காவல் காக்கிறது. பாட்டு ஏற்கெனவே முடிவாகி, மேடையில் ஒப்புவிக்கப்படும் இசைக்குத்தான் அந்த ஆபத்து அதிகம்.

சக்தியே இதற்கு இரண்டாவது சான்றையும் தருகிறது. 1997இல் இங்கிலாந்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு குழு மறுபடி கூடியது. ‘றிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் 1999இல் வந்த அந்த இரட்டை இறுவட்டும் கச்சேரிப் பதிவே. பிறகு மண்டலின் யு. ஸ்ரீநிவாஸும் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சேர்ந்தார்கள். ‘தி பிலீவர்’, மும்பையில் பதிவான ‘சற்றர்டே நைட் இன் பொம்பே’ ஆகிய இரண்டும் மேடையிலிருந்தே வந்தன. சங்கர் மகாதேவன் பாட்டோடு வந்தார். ஸ்ரீநிவாஸ் 2014 செப்டெம்பரில் 45 வயதில் மறைந்தார். நீண்ட காலத்துக்குப் பிறகு 2023இல் வந்த ‘திஸ் மொமென்ட்’தான் கலையகத் தட்டு. கொரோனாக் காலத்தில் ஆளுக்கொரு நாட்டில் இருந்தபடி தங்கள் பகுதியைப் பதிந்து அனுப்பிச் சேர்த்தது அது. 2024இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. விருது பெற்றது கலையகத் தட்டுத்தானே, பிறகு எப்படி மேடைப் பதிவு மூலமாகும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தத் தட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒலியின் தெளிவிலும் குரலை வைத்த முறையிலும் அது உயர்ந்தது. ஆனால் ஸ்ரீநிவாஸின் நினைவாக அமைந்த ‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’ என்ற உருப்படி அந்தத் தட்டிலும் இருக்கிறது, மைண்ட் எக்ஸ்ப்ளோஷன் மேடைப் பதிவிலும் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டையும் கேளுங்கள். அனுப்பிச் சேர்த்த பதிவில் ஒருவருக்கும் ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை. மற்றவர் என்ன வாசித்தார் என்பது ஏற்கெனவே காதில் இருக்கிறது, பிடிக்காவிட்டால் திரும்ப வாசிக்கலாம். மேடையில் அந்த வசதி கிடையாது. மூன்றாவது தடவை சேர்ந்து இறங்க வேண்டிய இடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த நெருக்கடி இசைக்குள் கேட்கிறது. என் கணிப்பில் அதுதான் இந்தக் குழுவின் உள்ளடக்கம்.

வயதைப் பற்றிய எதிர்வாதம் ஒன்று உண்டு. மெக்லாக்லின் கையில் ஏற்பட்ட மூட்டுவாதத்தைப் பற்றிப் பகிரங்கமாகவே பேசியவர். 2017இல் அமெரிக்காவில் விடைபெறும் சுற்றுப்பயணம் போனவர். 2023இல் அவருக்கு வயது 81. ஸாகிர் ஹுசைனுக்கு 72. 1975இன் மின்னல் வேகத்தோடு ஒப்பிட்டால் இழப்பு இருக்கிறதல்லவா? இருக்கிறது. அதை மறைத்து வாழ்த்துப்பா பாடுவது கலைஞருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. ஆனால் இங்கே கிரீம் குழு நமக்கு ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. 1968 நவம்பரில் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் விடைபெற்ற அந்த மூவரும் 2005 மே மாதம் அதே மண்டபத்தில் நான்கு இரவுகள் மீண்டும் வாசித்தார்கள், இறுவட்டாகவும் வந்தது. வேகம் குறைந்திருக்கிறது, ஒலியளவு தணிந்திருக்கிறது. புரூஸ் அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்தான் ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு உள்ளானவர். ஆனால் 1968இல் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்ற அந்த வாத்தியங்கள் இப்போது ஒன்றுக்கொன்று இடம் விடுகின்றன. நம் கச்சேரி மரபு இதை எப்போதோ அறிந்து வைத்திருக்கிறது. முதிர்ந்த வித்துவானிடம் குரல் எட்டாத மேல்ஸ்தாயி ஒன்று இருந்தாலும் அவருடைய தோடி ஆலாபனைக்காகக் காத்திருந்தவர்கள் நாம். பிருகா குறைந்த இடத்தில் நிதானம் வந்து உட்காரும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நிதானம் கலையகத்தில் ஒலிப்பதிவாளரின் கைங்கரியமாகவும் இருக்கலாம். மேடையில் மட்டுமே அது கலைஞருடையது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

கடைசி எதிர்வாதம் நம்மவரிடமிருந்தே வருகிறது: இது கலப்பிசை, இராகத்தின் ஆழம் இதில் இல்லை, வேகத்தையும் கைதட்டலையும் நம்பி நிற்கிறது. கணிசமான பகுதிக்கு நான் உடன்படுகிறேன். ஒரு காம்போதியையோ பைரவியையோ நாற்பது நிமிடம் விரித்துப் பாடும்போது திறக்கும் கதவுகள் சக்தியின் மேடையில் திறப்பதில்லை. வேகமான சேர்ந்திசைப் பகுதிகள் சில இடங்களில் வெறும் பயிற்சித் திறமையாகவே நின்றுவிடுகின்றன. இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும்: 1997இல் தம்புரா மீட்டிய உமா மேத்தாவைத் தவிர, இந்தக் குழுவின் வரிசையில் பெண் கலைஞர் ஒருவர் நிலைத்து அமரவில்லை. ஐம்பது வருடம் அதற்குப் போதுமான காலம். ஆனால் இராக ஆழம் என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு இதை அளப்பது நியாயமாகாது. கடம் நம் கச்சேரியில் இரண்டாம் வரிசை வாத்தியம். தனியாவர்த்தனத்தில் அதற்குக் கிடைப்பது மிருதங்கம் விட்டுக்கொடுத்த சில நிமிடங்கள். அந்த மண்பானையை உலக மேடையின் நடுவில் வைத்தது சக்தி. விநாயக்ராம் பிறகு ‘கிரேட்ஃபுல் டெட்’ றொக் குழுவின் மிக்கி ஹார்ட்டோடு சேர்ந்து வாசித்த ‘பிளானெட் டிரம்’ 1992இல் கிராமி பெற்றது. கடத்துக்கு அந்த இடம் கிடைத்த முதல் சான்று 1975ஆம் ஆண்டின் அந்தக் கச்சேரிப் பதிவு.

ஸாகிர் ஹுசைன் 2024 டிசெம்பர் 15இல் காலமானார். மைண்ட் எக்ஸ்ப்ளோஷன் வெளிவந்தபோது அவர் இல்லை. 2023இன் மேடைகளை யாரும் பதியாமல் விட்டிருந்தால் மூத்த வயதில் இந்தக் குழு சேர்ந்து வாசித்ததற்கு ஆளுக்கொரு நாட்டிலிருந்து அனுப்பிச் சேர்த்த தட்டு மட்டுமே சாட்சியாக இருந்திருக்கும். இந்த நினைப்போடு நம் கொழும்பு நகரத்தைப் பாருங்கள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் காலத்துப் பொப்பிசையில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கலையகத்தில் பதிந்த பாட்டுகளே. வாத்தியக்காரர்களும் சபையும் சேர்ந்து அந்தப் பாட்டுகளை என்னவாக மாற்றின என்பதற்கு அன்று மண்டபத்தில் இருந்தவர்களின் நினைவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கொட்டாஞ்சேனைக் கோயில்களிலும், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்திலும், ஆடிவேல் விழாவிலும் இன்றும் மேளம் ஒலிக்கிறது. நரைத்த வித்துவான்கள் இருவர் மூவர் சேரும் இரவுகள் இன்னும் வருகின்றன. கைபேசியை உயர்த்திப் பிடித்து இரண்டு நிமிடம் எடுத்து அனுப்புவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. திறந்த வெளியில் நாகஸ்வரத்தையும் தவிலையும் பதிய, ஒலிபெருக்கிக்கு எட்டத் தள்ளி வைத்த இரண்டு நல்ல மைக்கும் அதைக் கவனிக்க ஒருவரும் போதும். வாசிப்பவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அது அவர்களுடைய உழைப்பு, வெளியிட்டால் பணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். மல்லாரியில் தொடங்கி முடிவு வரை ஒரே ஓட்டமாகப் பதிய வேண்டும். சலிப்பான இடம் என்று எதையும் வெட்டக் கூடாது, ஏனென்றால் கோர்வை எங்கிருந்து பிறந்தது என்பது அந்த இடத்தில்தான் இருக்கும். திருவிழாவை நடத்தும் உபயகாரர்கள் பூவுக்கும் மின்விளக்குக்கும் ஒதுக்குவதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் ஒரே வருடத்தில் ஒரு களஞ்சியம் தொடங்கிவிடும். பதிவின் மேல் நாளையும் கோயிலையும் இராகங்களையும் எழுதி வையுங்கள். வாசித்த எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். இரண்டாவது தவிலையும், ஒத்துப் பிடித்தவரையும், தாளம் போட்டவரையும் சேர்த்து.